'பிகாஸ்' எங்கே உட்காரும்?

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு நாள். பெரம்பூரில் நான் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மதியமே ஒரு குரல் செய்தி வந்தது. துணிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கும் மாணவி. கூச்சப்படாமல், முழுக்க ஆங்கிலத்திலேயே பேசியிருந்தாள்: "மிஸ், இட் இஸ் ரெயினிங் பிகாஸ் ஐ ஆம் நாட் கமிங்."

குழுவில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது. மழை பெய்வதால் அவள் வரவில்லை. ஆனால் தமிழ் தெரியாத ஒருவர் காதில் இதே வாக்கியம் தலைகீழாக விழும். 'நான் வராததால் மழை பெய்கிறது' என்றுதான் அவர் புரிந்துகொள்வார். சொற்கள் எல்லாம் சரி. உச்சரிப்பு சரி. ஒரே ஒரு சொல் தவறான பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்தப் பிழை அவளுடைய கவனக்குறைவால் வந்ததல்ல. அவளுக்குள் இருக்கும் தமிழ் இலக்கணம் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததால் வந்தது. அதை அவளுக்குப் புரியவைக்கத்தான் அடுத்த இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொண்டேன். அங்கே பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கொக்கி எந்தப் பக்கம்?

'மழை பெய்றதால நான் வரல.' இந்த வாக்கியத்தில் காரணத்தையும் விளைவையும் கோக்கும் கொக்கி எது? 'ஆல்'. அது எங்கே இருக்கிறது? காரணத்தின் வாலில். மழை, பெய்வது, பிறகு ஆல். தமிழ் கொக்கியைக் கடைசியில்தான் மாட்டும். காரணம் முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் 'இது காரணம்' என்று தெரியவரும்.

ஆங்கிலம் கொக்கியைத் தலையில் மாட்டும். முதலில் 'பிகாஸ்' என்று அறிவித்துவிட்டு, அப்புறம் காரணத்தைச் சொல்லும். மாணவி செய்தது என்ன? தமிழில் மாட்டும் இடத்திலேயே ஆங்கிலக் கொக்கியையும் மாட்டினாள். 'இட் இஸ் ரெயினிங்' என்று காரணத்தைச் சொல்லி, அதன் வாலில் 'பிகாஸ்' வைத்தாள். அவள் மனதில் அது 'ரெயினிங்-ஆல்'. ஆனால் ஆங்கிலக் காதுக்கு, பிகாஸ் தனக்குப் பின்னால் வருவதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே அடுத்து வந்த 'ஐ ஆம் நாட் கமிங்' காரணமாகிவிட்டது.

இதே கண்ணாடி வித்தியாசத்தை நாம் வேறு இடங்களில் தினமும் சரியாகவே கையாள்கிறோம். 'தாம்பரத்துக்கு' என்பதில் 'கு' பின்னால் இருக்கிறது. 'டு தாம்பரம்' என்பதில் 'டு' முன்னால். 'எழும்பூர்லேருந்து' என்பது 'ஃப்ரம் எக்மோர்' ஆகும்போது தானாக இடம் மாறிவிடுகிறது. 'பீச் டு தாம்பரம்' என்று சொல்லும்போது அந்த 'டு' தாம்பரத்தோடு ஒட்டியது, பீச்சோடு ஒட்டியதல்ல என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புறநகர் ரயிலில் போய் வந்தே பழகிவிட்டது. பிகாஸும் அதே மாதிரிதான். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் நின்றாலும் வலது பக்கத்துத் துண்டோடுதான் அதற்கு உறவு.

விதி இவ்வளவுதான்: காரணம் எதுவோ அதன் தலையில் பிகாஸ். காரணத்தை முதலில் சொன்னாலும் பின்னால் சொன்னாலும் பிகாஸ் அதோடு கூடவே போகும். 'ஐ ஆம் நாட் கமிங் பிகாஸ் இட் இஸ் ரெயினிங்.' 'பிகாஸ் இட் இஸ் ரெயினிங், ஐ ஆம் நாட் கமிங்.' இரண்டும் சரி. இரண்டிலும் பிகாஸுக்கு அடுத்து இருப்பது மழை.

தமிழிலேயே ஒரு பிகாஸ்

விதியைச் சொல்லிவிடலாம். பேசும் வேகத்தில் விதி ஞாபகத்துக்கு வராது. அதனால் என் வகுப்பில் நான் வேறொன்றைத்தான் வலியுறுத்துகிறேன். ஆங்கிலத்துக்கு மாறுவதற்கு முன், மனதுக்குள் இருக்கும் தமிழ் வாக்கியத்தை முதலில் மாற்றுங்கள்.

காரணத்தைச் சொல்லத் தமிழில் ஆல் மட்டும் இல்லை. 'நான் வரல, ஏன்னா மழை பெய்யுது' என்றும் சொல்கிறோம். கவனித்துப் பாருங்கள். 'ஏன்னா' எங்கே நிற்கிறது? காரணத்தின் தலையில். பிகாஸ் நிற்கும் அதே இடத்தில். விளைவு முதலில், காரணம் பிறகு, நடுவில் ஏன்னா. அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஆங்கிலம் சரியாக வந்து உட்காரும்.

ஆக, பிகாஸுக்கு 'அதனால்' என்றோ 'ஆல்' என்றோ பொருள் எழுதிக்கொள்வதை விட்டுவிடுங்கள். 'ஏன்னா' என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டே வாரத்தில் தடுமாறாமல் பேசுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாணவியிடம் "முதல்ல தமிழ்ல ஏன்னா போட்டுச் சொல்லு" என்றேன். "நான் வரல மிஸ், ஏன்னா மழை பெய்யுது" என்றாள். "இப்ப இதையே இங்கிலீஷ்ல" என்றேன். வந்துவிட்டது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: 'மழை பெய்யுது, அதனால வரல.' இங்கே காரணம் கொக்கியில்லாமல் தனியாக நிற்கிறது. கொக்கி விளைவின் தலைக்கு வந்துவிட்டது. இது ஆங்கிலத்தில் 'ஸோ'. 'இட் இஸ் ரெயினிங், ஸோ ஐ ஆம் நாட் கமிங்.' சென்னைப் பேச்சில் ஸோ ஏற்கெனவே தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. "ஸோ நான் என்ன சொல்ல வரேன்னா" என்று தொடங்காத அலுவலக மீட்டிங் இல்லை. தெரிந்த சொல் என்பதால் ஸோவில் யாரும் இடம் தவறுவதில்லை. ஆனால் இன்னொரு பிழை வரும்: 'பிகாஸ் இட் இஸ் ரெயினிங், ஸோ ஐ ஆம் நாட் கமிங்.' இரண்டு துண்டுகளுக்கு இரண்டு கொக்கி. எங்கள் வகுப்பில் ஐ.சி.எஃப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் இதைக் கேட்டதும், "ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஒரு கப்ளிங்தான மிஸ்" என்றான். 1955 முதல் ரயில் பெட்டி செய்துகொண்டிருக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளை வேறெப்படிச் சொல்வான்! பிகாஸ் போட்டால் ஸோ வேண்டாம். ஸோ போட்டால் பிகாஸ் வேண்டாம். 'ஆல்தோ' போட்டுவிட்டுப் 'பட்' போடுவதும் இதே கணக்குத்தான்.

'ஒய் பிகாஸ்' எங்கிருந்து வந்தது?

"ஐ டிட் நாட் கம், ஒய் பிகாஸ் மை மதர் இஸ் நாட் வெல்." நேர்முகத் தேர்வுகளிலும் வங்கி கவுண்டர்களிலும் இந்த 'ஒய் பிகாஸ்' கேட்காத நாளில்லை. நிறையப் படித்தவர்களும் சொல்கிறார்கள். இதைக் கேலி செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால் இது தற்குறித்தனம் அல்ல, நுட்பமான மொழிபெயர்ப்பு.

'ஏன்னா' என்பதைப் பிரித்தால் 'ஏன் என்றால்'. அதாவது, 'ஏன் என்று நீங்கள் கேட்டால்'. கேட்பவரின் கேள்வியைப் பேசுபவரே அவர் சார்பில் கேட்டு, பதிலையும் சொல்கிறார். தமிழுக்கு இது மிகப் பிடித்த வழக்கம். என்னன்னா, எப்படின்னா, யாருன்னா, எங்கேன்னா... ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கேள்வி-பதில். இதனால்தான் 'என்ன நடந்துச்சுன்னா' என்பதை 'வாட் ஹேப்பண்ட் மீன்ஸ்' என்று சொல்லத் தோன்றுகிறது. ஏன்னாவில் 'ஏன்' வெளிப்படையாக இருப்பதால், ஆங்கிலத்தில் வெறும் பிகாஸ் சொன்னால் ஏதோ குறைவது போல நாக்கு தேடுகிறது. 'ஒய்' வந்து ஒட்டிக்கொள்கிறது.

பிகாஸ் என்ற சொல்லுக்குள்ளேயே எல்லாம் அடக்கம் என்று தெரிந்தால் அந்தத் தேடல் நின்றுவிடும். அது பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'பை' என்ற சொல்லும் 'காஸ்' என்ற சொல்லும் சேர்ந்து பிறந்தது. பிரெஞ்சுத் தொடர் ஒன்றைப் பார்த்து அமைத்துக்கொண்டது. காஸ் என்றால் காரணம். பை என்றால்? நம்முடைய ஆல். 'கரிகாலனால் கட்டப்பட்டது' என்பதில் வரும் அதே ஆல்தான் 'பில்ட் பை கரிகாலன்' என்பதில் பை. ஆக பை-காஸ் என்றால் 'காரணத்தால்'. பிகாஸைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்றாம் வேற்றுமை உட்கார்ந்திருக்கிறது! நாம் காரணம் என்று சொல்லிவிட்டு ஆல் போடுகிறோம், அவர்கள் ஆல் போட்டுவிட்டுக் காரணம் என்கிறார்கள். மறுபடியும் அதே கண்ணாடிதான்.

'ஒய்' இதில் எங்கும் இல்லை. தேவையும் இல்லை.

மழையால், பெய்ததால்

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்கு மிகவும் முக்கியமானது. பிகாஸ் எப்போது, பிகாஸ் ஆஃப் எப்போது?

'பிகாஸ் ஆஃப் இட் ரெயிண்ட்' என்று எழுதுகிறார்கள். 'பிகாஸ் ட்ராஃபிக்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே சரியான மின்னஞ்சல் ஆங்கிலம் அல்ல. பல வருடம் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும் இதில் சந்தேகம் உண்டு. ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது?

தமிழில் இரண்டுக்கும் ஒரே உருபுதான். மழையால் பள்ளிக்கு விடுமுறை. மழை பெய்ததால் பள்ளிக்கு விடுமுறை. முதலாவதில் ஆல் ஒரு பெயரோடு ஒட்டுகிறது, சந்தேகமில்லை. இரண்டாவதிலும் பெயரோடுதான் ஒட்டுகிறது. 'பெய்தது' என்ற வினைச்சொல்லை முதலில் பெயர் போல ஆக்கிக்கொண்டு, அதன் மேல்தான் ஆல் ஏறுகிறது. வேற்றுமை உருபு பெயரைத்தானே ஏற்கும். பவணந்தி முனிவரின் நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு என்று நான்கு உருபுகள் சொல்கிறது. அந்த ஆல்தான் இது. ஆக, தமிழன் கண்ணில் மழை என்பதும் மழை பெய்தது என்பதும் ஒரே வகைப் பொருள்கள். ஒரே கொக்கி போதும்.

ஆங்கிலம் அப்படி ஒரு வினையைச் சட்டென்று பெயராக்கிக் கொக்கி மாட்டுவதில்லை. பெயருக்கு ஒரு வழி, முழு வாக்கியத்துக்கு ஒரு வழி என்று பிரித்து வைத்திருக்கிறது. இதற்கும் அந்தப் பை-காஸ் பழைய கதை உதவும். 'காரணத்தால்' என்று சொல்லியாயிற்று. எதன் காரணத்தால்? 'மழையின் காரணத்தால்.' அந்த 'இன்' தான் ஆஃப். ஆகவே பெயர் வந்தால் ஆஃப் கட்டாயம்: பிகாஸ் ஆஃப் த ரெயின். முழு வாக்கியம் வந்தாலோ, அந்தக் கால ஆங்கிலத்தில் 'தட்' போட்டுக் கோத்தார்கள்: 'பிகாஸ் தட் இட் ரெயிண்ட்' என்ற மாதிரி, அதாவது 'மழை பெய்தது என்ற காரணத்தால்'. காலப்போக்கில் தட் உதிர்ந்துவிட்டது. ஆஃப் உதிரவில்லை. அதனால்தான் இன்று ஒன்றில் ஒட்டுச்சொல் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

சோதிப்பதற்குத் தமிழே போதும். ஆலுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மழையால, காய்ச்சலால, ட்ராஃபிக்கால, கரண்ட் கட்டால என்றால் வெறும் பெயர், பிகாஸ் ஆஃப். பெஞ்சதால, இருக்கறதால, வராததால, முடியாததால என்றால் உள்ளே ஒரு வினை இருக்கிறது. வெறும் பிகாஸ் போட்டு, யார், என்ன செய்தார் என்று முழுதாகச் சொல்ல வேண்டும். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால' என்றால் 'பிகாஸ் மை மதர் இஸ் நாட் வெல்'. 'அம்மாவோட உடல்நிலையால' என்றால் 'பிகாஸ் ஆஃப் மை மதர்ஸ் ஹெல்த்'. அலுவலகங்களில் அதிகம் புழங்கும் 'ட்யூ டு' பெயரின் பக்கம்தான்: ட்யூ டு த ரெயின் என்று வரும், ட்யூ டு இட் ரெயிண்ட் என்று வராது.

இங்கே ஒரு குழியையும் காட்டிவிட வேண்டும். ஆல் என்றாலே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. 'கத்தியால் நறுக்கினாள்' என்பதில் அது கருவி, ஆங்கிலத்தில் 'வித்'. 'கரிகாலனால் கட்டப்பட்டது' என்பதில் கருத்தா, பை. 'என்னால வர முடியல' என்பதில் இயலாமை. 'ஐ குட் நாட் கம்' என்றால் முடிந்தது. இதை 'பிகாஸ் ஆஃப் மீ' என்று தொடங்கினால், என் தவறால்தான் ஏதோ நடந்தது என்று பொருளாகிவிடும்.

'பெய்தால்', 'பெய்ததால்' என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். பெய்தால் என்பது 'இஃப்', பெய்ததால் என்பது 'பிகாஸ்'. பேச்சில் 'பெஞ்சா', 'பெஞ்சதால'. ஒன்று இன்னும் நடக்காதது, மற்றது நடந்து முடிந்தது. தமிழில் ஒரு 'த' செய்யும் வேலைக்கு ஆங்கிலம் சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. வகுப்பில் இதைச் சொல்லும்போது கரும்பலகை முன்னால் சற்று நேரம் கூடுதலாகவே நின்றுவிடுவேன்.

'பிகாஸ் ட்ராஃபிக்' பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இணையத்தில் இப்படி ஆஃப் இல்லாமல் எழுதத் தொடங்கினார்கள். லேட், பிகாஸ் ட்ராஃபிக். அவ்வளவு சுருக்கமாகச் சொல்வதில்தான் அதன் சுவை. இந்தப் புதுப் பயன்பாட்டுக்காகவே அமெரிக்க டயலெக்ட் சொசைட்டி 2013ஆம் ஆண்டின் சொல்லாகப் பிகாஸைத் தேர்ந்தெடுத்தது. அறுநூறு வயதைத் தாண்டிய ஒரு சொல் அந்த வருடத்தின் புதுச்சொல்! நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியில் இப்படி எழுதலாம். மேலாளருக்கு எழுதும்போது ஆஃப் இருக்கட்டும்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் வரலாமா?

"பிகாஸ்ல ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்களே மிஸ்?" ஒவ்வொரு புது பேட்ச்சிலும் யாராவது ஒருவர் கேட்பார்கள். எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தக் கூடாது, அதுதான் விஷயம்.

'ஐ வில் பி லேட். பிகாஸ் த ட்ரெயின் இஸ் டிலேய்ட்.' இரண்டாவது துண்டு தனியாக நிற்க முடியாது. தமிழில் இது கண்ணுக்கே தெரியும். 'ரயில் தாமதமானதால்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், சரி அப்புறம் என்ன என்று படிப்பவர் காத்திருப்பார். வினையே உருமாறி, 'நான் முடியவில்லை' என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்த அடையாளம் கிடையாது. 'த ட்ரெயின் இஸ் டிலேய்ட்' என்பது தனியாக இருந்தாலும் பிகாஸோடு இருந்தாலும் ஒரே உருவம். வினை அசையாமல் இருக்கிறது. முன்னால் வந்த ஒரு சொல்தான் அதை முற்றிலிருந்து எச்சமாக மாற்றுகிறது. அதனால் நம் கண் ஏமாந்து புள்ளி வைத்துவிடுகிறது. சின்ன வகுப்பு ஆசிரியர்கள் இந்த அரைகுறை வாக்கியங்களைத் தடுக்கத்தான் ஒரேயடியாக 'ஆரம்பிக்காதே' என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். குழந்தைக்கு அது போதும். பெரியவர்களுக்கு முழுக் காரணம் தெரிய வேண்டும்.

பேச்சில் இந்தக் கண்டிப்பு இல்லை. 'ஒய் ஆர் யூ லேட்?' 'பிகாஸ் த ட்ரெயின் வாஸ் லேட்.' கேள்வியே மறுபாதியைச் சொல்லிவிட்டதால் இது இயல்பான பதில். எழுத்தில் மட்டும் இரண்டு பாதியையும் ஒரே வாக்கியத்தில் வையுங்கள். பிகாஸ் முன்னால் வந்தால் காரணம் முடியும் இடத்தில் ஒரு காற்புள்ளி. பின்னால் வந்தால் பெரும்பாலும் காற்புள்ளி வேண்டாம்.

காரணத்தை முதலில் வைக்கும் ஆங்கிலம் நமக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவரும் மறந்திருக்க முடியாத வரி ஒன்று உண்டு: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் த க்ளாஸ்.' லீவ் லெட்டர்! காய்ச்சல் இல்லாத நாளிலும் மனப்பாடமாக எழுதிய வரி. அங்கே தலையில் உட்கார்ந்திருக்கும் 'ஆஸ்' என்பது பிகாஸின் உறவுதான். 'சின்ஸ்' இன்னொன்று. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணம், அல்லது அழுத்திச் சொல்ல வேண்டாத காரணம் என்றால் இவை பொருந்தும். காரணமே செய்தி என்றால் பிகாஸ். ஒய் என்று கேட்டால் ஆஸ், சின்ஸ் இரண்டும் பதிலாகாது. பிகாஸ் மட்டுமே ஆகும். இரண்டுக்கும் காலத்தைச் சொல்லும் வேலையும் இருப்பதால் சில இடங்களில் குழப்பவும் செய்யும். தொடக்கத்தில் பிகாஸை மட்டும் நன்றாகப் பழகுங்கள் என்பேன்.

நடந்ததற்குக் காரணம், சொன்னதற்குக் காரணம்

ரோடு ஈரமாக இருக்கிறது, ஏன்னா ராத்திரி மழை பெய்தது. இதில் மழை காரணம், ஈரம் விளைவு. நேரடியானது.

இப்போது இதைப் பாருங்கள்: 'ராத்திரி மழை பெஞ்சிருக்கு, ஏன்னா ரோடு ஈரமா இருக்கு.' ஈரமான ரோடு மழையை வரவழைக்கவில்லை. மழை பெய்தது என்று நான் எப்படி அறிந்தேன் என்பதற்குத்தான் ரோடு காரணம். மூன்றாவதாக: 'நீங்க டி.நகர் போறீங்களா? ஏன்னா எனக்கும் அந்தப் பக்கம் போகணும்.' இங்கே ஏன்னா எந்த நிகழ்ச்சியையும் விளக்கவில்லை. நான் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டேன் என்பதை விளக்குகிறது.

ஆங்கில பிகாஸும் இந்த மூன்றையும் செய்யும். மொழியியலாளர் ஈவ் ஸ்வீட்சர் 1990இல் இந்த மூன்று தளங்களையும் பிரித்துக் காட்டினார்: உலகில் நடந்ததற்குக் காரணம், நாம் ஒரு முடிவுக்கு வந்ததற்குக் காரணம், ஒன்றைப் பேசியதற்கே காரணம். 'இட் ரெயிண்ட் லாஸ்ட் நைட், பிகாஸ் த ரோட் இஸ் வெட்.' 'ஆர் யூ கோயிங் டு டி.நகர்? பிகாஸ் ஐ ஆம் கோயிங் தட் வே.' இரண்டாவது, மூன்றாவது வகைகளில் பிகாஸுக்கு முன் சின்ன இடைவெளி விட்டுப் பேசுவார்கள். பின்னால் வரும் பிகாஸுக்குக் காற்புள்ளி வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு விலக்கு இதுதான்.

இதை ஆல் போட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ரோடு ஈரமா இருக்கறதால ராத்திரி மழை பெஞ்சுச்சு.' வாக்கியம் உடனே பைத்தியக்காரத்தனமாகிவிடுகிறது. 'பெஞ்சிருக்கணும்' என்று ஊகத்தைச் சேர்த்தால்தான் பிழைக்கும். டி.நகர் கேள்வியை ஆல் போட்டுச் சொல்லவே முடியாது. ஆல் பெரும்பாலும் முதல் வகைக்கே உரியது. ஏன்னா மூன்றுக்கும் ஒத்துவரும். பிகாஸின் இரட்டைப் பிறவி ஏன்னாதான் என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

'நாட்' வந்தால் கவனம்

கடைசியாக ஒன்று. ஒரு நேர்முகத் தேர்வுப் பயிற்சியில் ஒரு மாணவர், முன்பு தனக்குக் கிடைத்த ஒரு வேலையைப் பற்றி இப்படிச் சொன்னார்: "ஐ டிட் நாட் டேக் த ஜாப் பிகாஸ் ஆஃப் த சேலரி." இலக்கணம் சரி. ஆனால் இவர் அந்த வேலையில் சேர்ந்தாரா, இல்லையா?

இரண்டு விதமாகவும் கேட்கலாம். சம்பளம் சரியில்லாததால் அந்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை என்பது ஒன்று. வேலையை எடுத்துக்கொண்டேன், ஆனால் சம்பளத்துக்காக அல்ல என்பது இன்னொன்று. அந்த 'நாட்' எதை மறுக்கிறது? வேலையை எடுத்ததையா, சம்பளம் என்ற காரணத்தையா? எழுத்தில் ஒரே உருவம். பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுக்கலாம், ஆனால் பதற்றத்தில் இருக்கும் ஒருவரின் குரல் அதைச் செய்யும் என்று நம்ப முடியாது. தமிழில் 'நான் அந்த வேலைய எடுத்துக்கிட்டது சம்பளத்துக்காக இல்ல' என்று 'இல்ல'வைக் காரணத்துக்குப் பக்கத்தில் நகர்த்திவிடுவோம், குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆங்கிலத்திலும் நகர்த்துவதுதான் வழி. சேரவில்லை என்றால் காரணத்தை முன்னால் கொண்டு போங்கள்: 'பிகாஸ் த சேலரி வாஸ் லோ, ஐ டிட் நாட் டேக் த ஜாப்.' சேர்ந்தேன் என்றால் நாட் என்ற சொல்லைப் பிகாஸின் பக்கத்தில் வையுங்கள்: 'ஐ டுக் த ஜாப், பட் நாட் பிகாஸ் ஆஃப் த சேலரி.' அந்த மாணவர் சொல்ல நினைத்தது இரண்டாவது. அங்கே வேலை கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்புக்காகவே சேர்ந்திருந்தார். கேட்ட நாங்கள் எல்லோரும் முதலாவது என்றுதான் நினைத்திருந்தோம்.